கைதி தப்பினால் காவலுக்குப் போன போலீஸ்காரர் ஜெயிலுக்குப் போவாரா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். கேட்டவரின் தம்பி மாவட்ட ஆயுதப்படையில் இரண்டாம் நிலைக் காவலர். ஒரு ஏட்டும் இரண்டு காவலர்களுமாக மூன்று ரிமாண்ட் கைதிகளை கோர்ட்டில் ஆஜர்படுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஜெயிலுக்குத் திரும்பக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் கழிப்பறை போக வேண்டும் என்றிருக்கிறான், தம்பி வெளியே நின்றிருக்கிறார், அவன் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துவிட்டான். திருட்டு வழக்குக் கைதி. மறுநாள் சாயங்காலமே பிடித்துவிட்டார்கள். ஆனாலும் மூன்று பேரும் சஸ்பெண்ட், கைதி மேல் போட்ட எஃப்ஐஆரிலேயே இவர்கள் பெயரும் இருக்கிறது. ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா, வேலை போய்விடுமா, ஆள் கிடைத்துவிட்டதால் கேஸ் தானாக முடிந்துவிடாதா? இதுதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முடியாது. ஆள் தப்பிய நிமிடத்திலேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது. திரும்பப் பிடித்தது தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க உதவும், அவ்வளவுதான். ஒரு விதிவிலக்குக்கு வாதிட இடம் உண்டு: ஓடியவனைக் கண்பார்வையிலிருந்து விடாமல் துரத்தி அங்கேயே அமுக்கிவிட்டால், அது தப்பித்தலே அல்ல, தப்பிக்கும் முயற்சி மட்டும்தான் என்று சொல்லலாம். வேண்டுமென்றே விடுவதைப் பற்றிய பிரிவுகளில் 'தப்பிக்க முயல்வதற்கு உதவுவது' என்பதும் சேர்ந்திருக்கிறது. கவனக்குறைவைப் பற்றிய பிரிவில் அந்தச் சொல் இல்லை, தப்பினால் மட்டுமே குற்றம். உங்கள் தம்பி விஷயத்தில் ஒரு ராத்திரி கழிந்துவிட்டது, அதனால் அந்த வாதம் எடுபடாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதாவது ஐபிசி. அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, பிஎன்எஸ். எண் மாறியிருக்கிறதே தவிர சரக்கு ஏறக்குறைய அதேதான். ஐபிசி 221, 222, 223 இப்போது பிஎன்எஸ் 259, 260, 261. தப்பிய கைதி மேல் போடும் 224 இப்போது 262. எதிலும் அடங்காமல் மிஞ்சுவதைப் பிடிக்கிற 225ஏ இப்போது 264. இந்த 225ஏ 1860இல் இல்லை, 1886இல்தான் நுழைத்தார்கள். 223இலும் 'சட்டப்படி காவலில் வைக்க ஒப்படைக்கப்பட்டவர்' என்ற சொற்கள் 1870இல் சேர்ந்தவை. அதற்கு முன் குற்றம் சாட்டப்பட்டவரும் தண்டனை பெற்றவரும் மட்டும்தான் அதற்குள் வந்தார்கள். வெள்ளைக்காரன் ஓட்டை தெரியத் தெரிய ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

இந்தப் பிரிவுகளுக்குள் இருக்கும் ஒரே பெரிய கோடு, வேண்டுமென்றே விட்டாரா, கவனக்குறைவால் விட்டாரா என்பது. உங்கள் தம்பியின் எதிர்காலமே இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் அவர் நிற்கிறார் என்பதில்தான் இருக்கிறது, ஆகவே இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன்.

வேண்டுமென்றே விட்டால் தண்டனை எவ்வளவு என்பது போலீஸ்காரர் செய்ததை வைத்து ஏறுவதில்லை, கைதி யார் என்பதை வைத்து ஏறுகிறது. மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவனை விட்டால் 7 வருஷம் வரை. ஆயுள் தண்டனை அல்லது 10 வருஷம் வரை கிடைக்கக்கூடிய குற்றம் என்றால் 3 வருஷம் வரை. அதற்கும் கீழே என்றால் 2 வருஷம் வரை. இது 259. ஏற்கெனவே தண்டனை விதிக்கப்பட்டவனை விட்டால் 260, அது இன்னும் கடுமை. தூக்குத் தண்டனைக் கைதியை வேண்டுமென்றே விட்ட அதிகாரிக்கு ஆயுள் தண்டனையோ 14 வருஷம் வரையோ கொடுக்கலாம். கோர்ட் ரிமாண்ட் செய்து காவலில் ஒப்படைத்தவனும் 260க்குள் வருகிறான், அதற்கு 3 வருஷம் வரை.

கவனக்குறைவுக்கு, அதாவது 261க்கு, இந்தப் படிக்கட்டே கிடையாது. பிக்பாக்கெட் அடித்தவன் ஓடினாலும் 2 வருஷம் வரை, நாலு கொலை செய்து தண்டனை பெற்றவன் ஓடினாலும் 2 வருஷம் வரை, அதுவும் வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேலை வாங்குகிற கடுங்காவல் கொடுக்கவே முடியாது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. அசந்துபோனவனுடைய மனதில் கைதி யார் என்ற கணக்கு ஓடியிருக்காது. ஆனால் கோர்ட்டில் நடைமுறை வேறு. ஓடியவன் பேப்பரில் அடிபட்ட ஆளாக இருந்தால் அதே 2 வருஷத்துக்குள்ளேயே மாஜிஸ்திரேட்டின் கை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

கவனக்குறைவு என்றால் என்ன என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. அந்த இடத்தில், அந்த வேலையில், சாதாரண புத்தியுள்ள ஒரு காவலர் எடுத்திருக்கும் முன்ஜாக்கிரதையை இவர் எடுத்தாரா என்பதுதான் அளவுகோல். கைதி தப்பியது மட்டுமே கவனக்குறைவுக்கு நிரூபணம் ஆகாது. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எஃப்ஐஆர் எழுதுகிறவரும், துறையின் குற்றச்சாட்டு மெமோவான குறிப்பாணையை எழுதுகிறவரும், பல சமயம் அரசு வக்கீலும் 'ஓடிவிட்டான், ஆகவே அசட்டை' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் கழன்று விழும் இடம் இதுதான். எந்தக் கடமையைச் செய்யவில்லை, அதைச் செய்திருந்தால் அவன் ஓடியிருக்க முடியாதா, இந்த இரண்டையும் அரசுத் தரப்பு தனியாகக் காட்ட வேண்டும்.

இரண்டு பழைய கதைகள் சொன்னால் அளவுகோல் புரியும். 1986 மார்ச்சில் சார்லஸ் சோப்ராஜ் திகார் சிறையிலிருந்து தப்பியது எப்படி? காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்பைக் கொடுத்து. அடுத்த மாதம் கோவாவில் பிடித்தார்கள். கைதி கையால் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டால் அதற்குமேல் அசட்டைக்குத் தனி சாட்சி தேவையா? பூலான்தேவி கொலை வழக்கில் உள்ளே இருந்த ஷேர்சிங் ராணா 2004 பிப்ரவரியில் அதே திகாரிலிருந்து நடந்தே வெளியே போனார். போலீஸ் உடையில் ஒருவன் வந்து, வெளியூர் கோர்ட்டுக்கு ஆஜர்படுத்தக் கூட்டிப் போவதாகச் சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டான். வந்தவன் உண்மையான எஸ்கார்ட் தானா என்று சரிபார்ப்பது அடிப்படைக் கடமை, அது நடந்திருந்தால் அவர் கேட்டைத் தாண்டியிருக்க முடியாது. இரண்டு சம்பவத்திலும் கடமை எது, விட்டது எது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது பாருங்கள்.

உங்கள் தம்பி விஷயத்தில் எங்கே விரல் வைப்பார்கள்? கழிப்பறைக்குள் அனுப்பும் முன் உள்ளே போய்ப் பார்த்தாரா, பின்பக்கம் ஜன்னலோ சுவரோ வழியோ இருக்கிறதா என்று கவனித்தாரா, கதவைத் தாழிட விட்டாரா, எவ்வளவு நேரம் கழித்துத் தட்டினார், இன்னொரு காவலரைப் பின்பக்கம் நிறுத்தியிருக்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் இருக்கிறது. மூன்று கைதிக்கு மூன்று பேர் என்றால் பின்பக்கம் நிறுத்த ஆள் கிடையாது. ஒருவரைப் பின்னால் அனுப்பினால் மற்ற இரண்டு கைதிகளை ஏட்டு தனியாகப் பார்க்க வேண்டும். இதுதான் தம்பியின் மிக நல்ல வாதம்.

வழிக்காவல் என்பது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்கள் போலீஸ்காரரைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வேன் கிடைக்காத நாளில் டிக்கெட்டுக்குப் பதில் காட்டும் பஸ் வாரண்ட்டோடு அரசு பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே கைதியோடு உட்கார்ந்து போக வேண்டும். விலங்கு போட முடியாததால், காதலர்கள் மாதிரி விரலோடு விரல் கோத்துப் பிடித்துக்கொண்டு நடக்கும் காவலர்களை எந்தக் கோர்ட் வளாகத்திலும் பார்க்கலாம். கைதிக்குச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும், சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டால் விலக்க வேண்டும், இயற்கை உபாதைக்கு விடாவிட்டால் மனித உரிமைப் புகார் வரும், விட்டால் இப்படி ஆகும்.

விலங்கு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலங்கு போடாததையே அசட்டையாகக் காட்டுவார்கள். 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, கைதியை வழக்கமாக விலங்கிட்டுக் கூட்டிப் போவது மனிதத்தன்மையற்றது என்றது. போட்டே ஆக வேண்டும் என்றால் காரணத்தை எழுதி வைத்துக் கோர்ட்டின் ஒப்புதல் வாங்க வேண்டும். 1995இல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜெயிலில் இருக்கும் கைதியைக் கொண்டுபோகும்போதும் மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் விலங்கு கூடாது என்று இன்னும் இறுக்கியது. இப்போது பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 43(3) வந்து கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. வழக்கமான குற்றவாளி, முன்பு காவலிலிருந்து தப்பியவன், கொலை, பாலியல் வன்முறை, போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளில் சிக்கியவன் என்றால் கைது செய்யும்போதும் கோர்ட்டில் ஆஜர்படுத்தும்போதும் விலங்கிடலாம். சாதாரணத் திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. கோர்ட்டிலிருந்து திரும்பக் கொண்டுபோகும் வழியைப் பற்றியும் வாசகத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே 'விலங்கு போடவில்லை' என்ற குற்றச்சாட்டு, அந்தக் கைதி மேல் பழைய வழக்குகள் வரிசையாக இருந்து, அதைத் தம்பிக்கு எழுத்தில் தெரியப்படுத்தியும் இருந்தால்தான் கொஞ்சமாவது நிற்கும். அவனுடைய குற்றப் பின்னணியை எஸ்கார்ட்டுக்கு யாரும் சொல்லவில்லை என்றால், அது சொல்லாதவரின் அசட்டை.

மூன்று பேர் மேலும் ஒரே குற்றச்சாட்டை ஒட்டியிருக்கிறார்கள் என்கிறீர்கள். வேண்டுமென்றே செய்த குற்றத்தில் பொதுக் கருத்து, அதாவது சேர்ந்து திட்டமிட்ட ஒரே நோக்கம், என்று சொல்லி எல்லோரையும் சேர்க்கலாம். அசட்டையைப் பொதுவாகத் திட்டமிட்டுச் செய்ய முடியாது. கழிப்பறை வாசலில் நின்றது ஒருவர், மற்ற இருவர் வேறு கைதிகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். ஒவ்வொருவர் என்ன செய்யத் தவறினார் என்பதைத் தனித்தனியாகச் சொல்லாத குற்றப்பத்திரிகையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட நல்ல காரணம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன்: இந்த வாதம் ஏட்டையும் இன்னொரு காவலரையும் காப்பாற்றும், ஆனால் வெளிச்சம் முழுவதையும் உங்கள் தம்பி மேல் திருப்பிவிடும். மூன்று பேரும் ஒரே வக்கீலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எஃப்ஐஆரில் சேர்த்த விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 261 என்பது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றம் அல்ல, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றமும்கூட, ஆகவே கைதாகி உள்ளே உட்கார வேண்டும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் கைதி மேல் போடும் 262 நேரடியாகப் பதியக்கூடியது. பல குற்றங்கள் சேர்ந்த வழக்கில் ஒன்றாவது அப்படிப்பட்டதாக இருந்தால் மொத்த வழக்கும் அப்படியே கருதப்படும் என்று விதி இருக்கிறது. ஒரே எஃப்ஐஆரில் இருவரையும் சேர்ப்பதன் சூட்சுமம் அதுதான். இந்தக் குற்றத்துக்கு 3 வருஷக் காலவரம்பும் உண்டு, ஆனால் எஃப்ஐஆர் பதிவான தேதியை வைத்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள், தம்பி மேல் அது ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

அரசின் முன் அனுமதி இல்லாமல் போலீஸ் மேல் வழக்கு நடத்த முடியாதே என்று சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாதுகாப்பு, அரசாங்கமே உத்தரவிட்டால்தான் வேலையை விட்டு எடுக்க முடியும் என்கிற மேல்நிலை அதிகாரிகளுக்கானது. காவலரை எஸ்.பி.யே எடுத்துவிடலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னொரு சந்தர்ப்பம், உங்கள் கேள்விக்கு நேராகச் சம்பந்தமில்லை, ஆனால் அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்டேஷனில் 'சும்மா விசாரணைக்கு' என்று கூட்டி வந்து, கைது காட்டாமல் ரெண்டு நாள் உட்கார வைத்திருக்கும் ஆள் ஓடிவிட்டால்? அங்கே சட்டப்படியான காவலே இல்லை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாத ஆளைப் பற்றி 'என் காவலிலிருந்து தப்பினான்' என்று எந்த முகத்தோடு எழுதுவது? ஓடியவன் மேல் 262 நிற்காது, விட்ட காவலர் மேல் 261ம் நிற்காது. சட்டவிரோதக் காவலுக்கு மட்டும் ஸ்டேஷன் முழுவதும் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் அப்படிப்பட்ட நேரத்தில் அவசர அவசரமாகப் பின்தேதியிட்ட கைதுக் குறிப்பு தயாராகிறது, அசட்டை வழக்காகப் போயிருக்க வேண்டியது பொய் ஆவணம் தயாரித்த வழக்காக மாறுகிறது. நான் ஆஜரான ஒரு வழக்கில் அந்தக் கைதுக் குறிப்பில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர், அந்தத் தேதியில் வேறு மாவட்டத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார்.

வேண்டுமென்றே விட்டது என்ற பக்கத்துக்குத் தம்பி வழக்கு சறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது முக்கியம். மனதில் இருந்ததை நேரடியாக யாரும் நிரூபிக்க முடியாது, சூழ்நிலையை வைத்துத்தான் ஊகிப்பார்கள். செல்போன் பதிவுகளைப் பார்ப்பார்கள். கைதியின் சொந்தக்காரர் எண்ணிலிருந்து அழைப்பு, கூகுள் பேயில் வந்த ஐந்நூறு ரூபாய், கைதிக்குப் போன் பேசக் கொடுத்தது, பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் வேறு தெருவில் போனது, இதெல்லாம் தேடப்படும். 2022 அக்டோபரில் பஞ்சாபில் மான்சாவில் பாடகர் சித்து மூசேவாலா கொலை வழக்குக் கைதி ஒருவர் போலீஸ் அதிகாரியின் பிடியிலிருந்து தப்பியபோது, அவரைத் தனியார் வண்டியில் வெளியே கூட்டிப் போயிருந்தார் என்பதுதான் முதலில் வெளியே வந்தது. அந்த அதிகாரி பணிநீக்கம் ஆனார், கைதும் ஆனார். அதே பஞ்சாபின் 2016 நாபா சிறை உடைப்பு வழக்கில் 2023இல் தண்டனை பெற்றவர்களில் சிறைத்துறையைச் சேர்ந்த இருவரும் உண்டு. நம் ஊரில் 1990இல் ஆட்டோ சங்கர் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பியதில் உதவியதற்காகச் சிறைக் காவலர்களே தண்டனை பெற்றார்கள். பணம் கைமாறியது தெரிந்தால் ஊழல் தடுப்புச் சட்டம் தனியாக வரும், அதில் குறைந்தபட்சமே 3 வருஷம், அதிகபட்சம் 7. டீக்காசு வாங்கினேன், அவ்வளவுதான் என்பது அங்கே பதிலாகாது. தம்பியிடம் இதை நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பொறுத்து வழக்கே வேறு.

அப்புறம் வேலை. கிரிமினல் கேஸை விட எனக்கு இதுதான் கவலை. துறை விசாரணையில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றாலே போதும். தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 3(பி) குறிப்பாணை வரும். ஊதிய உயர்வு நிறுத்தத்திலிருந்து பணிநீக்கம் வரை அதில் எதுவும் நடக்கலாம். கோர்ட்டில் விடுதலையானாலும் துறை தண்டிக்க முடியும். சந்தேகத்தின் பலனில் கிடைத்த விடுதலை வேறு, குற்றமே செய்யவில்லை என்ற கௌரவமான விடுதலை வேறு என்று 2012இல் தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு விசாரணையும் ஒரே நேரத்தில் நடக்கலாம், ஆனால் சிக்கலான, கடுமையான குற்றச்சாட்டு என்றால் துறை விசாரணையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம் என்று 1999இல் பால் ஆண்டனி வழக்கில் சொன்னார்கள். தம்பி வழக்கு அந்த அளவுக்குச் சிக்கலானது அல்ல, தடை கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன். சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை, குறிப்பாணை கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது, மூன்று மாதம் ஆனதும் அதைக் காட்டி மனுக் கொடுங்கள்.

சரி, மோசமான நிலையைப் பார்ப்போம், கோர்ட்டில் தண்டனையே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2 வருஷத்துக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றம், முதல் தடவை என்பதால் நன்னடத்தைச் சட்டம் 1958இன் 3ஆம் பிரிவின்படி எச்சரித்து விடும்படி கேட்கலாம். அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு 'வேலை பத்திரம்' என்று சில வக்கீல்களே சொல்கிறார்கள். தவறு. தண்டனைக்குக் காரணமான நடத்தையை வைத்துத் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 1990இல் பக்ஷி ராம் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. தண்டனை பெற்றவரைத் தனி விசாரணை இல்லாமலேயே நீக்க அரசியல் சட்டம் 311 இடம் கொடுக்கிறது. அதனால் கோர்ட்டில் 'ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். ஆயிரம் ரூபாய் அபராதம் இருபத்தைந்து வருஷச் சம்பளத்தைக் கொண்டுபோய்விடும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: அன்றைக்குக் கொடுத்த டூட்டி பாஸ்போர்ட்டின் (வேலைக்கு அனுப்பும் உத்தரவுச் சீட்டு) நகல், கோர்ட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்ற குறிப்பு, பஸ் வாரண்ட், வேன் கேட்டு இல்லை என்று சொன்னதற்கு ஏதாவது பதிவு, அன்று ஆயுதப்படையில் வேறு எத்தனை பேர் எந்த பந்தோபஸ்துக்குப் போனார்கள் என்ற விவரம், இதையெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்திலோ குறிப்பாணைக்கு ஆவணம் கேட்கும் மனுவிலோ எழுதிக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்ட் கேமரா பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடும், அதைப் பாதுகாக்கச் சொல்லி இன்றே மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். கதவு எவ்வளவு நேரம் மூடியிருந்தது, தம்பி எங்கே நின்றார், கையில் போன் இருந்ததா என்பதை அது சொல்லும். அந்தக் கழிப்பறையின் பின்சுவரைப் போட்டோ எடுத்து வையுங்கள், இன்னும் ஒரு வாரத்தில் யாராவது கம்பி வைத்து அடைத்துவிடுவார்கள். மேலதிகாரி கேட்கும் விளக்கத்தை வக்கீல் பார்க்காமல் எழுதிக் கொடுக்க வேண்டாம். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது, மன்னிக்கவும்' என்று பணிவாக எழுதினால் இரக்கம் கிடைக்கும் என்று எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் சொல்வார். அந்த ஒரு வரி கிரிமினல் கோர்ட்டில் வாக்குமூலமாகச் செல்லாது என்று வாதிட முடியும், வாங்கியவரே போலீஸ் அதிகாரி என்பதால். துறை விசாரணையில் அப்படி ஒரு தடையும் கிடையாது, அங்கே அந்த வரியை வைத்தே முடித்துவிடுவார்கள்.